கணினிமொழியில் வாய்பாடும் வழுக்காப்பும்

இலக்கணம் கற்பிக்கும் எமக்குக் கணினிமொழியில் என்ன வேலை என மாணவர் சிலர் வினவுவர். சீரை அசையாகப் பிரித்துத் தேமா, புளிமா என வாய்பாடு கூறப் பழகியோர்க்கு அம்மொழி முற்றும் புதியதன்று என்பதே எமது விடை.

1991 ஆம் ஆண்டு வெளிவந்த பைதன் என்னும் கணினிமொழி, 2021 ஒக்டோபரில் வந்த 3.10 ஆம் பதிப்பில் வாய்பாட்டுப் பொருத்தத்தைச் சேர்த்துக்கொண்டது. தரப்பட்ட பொருளைக் கணினி, செய்நிரலிலுள்ள வாய்பாடுகளோடு மேலிருந்து கீழாகப் பொருத்திப் பார்க்கும். முதலிற் பொருந்துவதை ஏற்று, எஞ்சியவற்றை விட்டுவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உளது. வாய்பாடாக வெறும் பெயரொன்றை எழுதின், அப்பெயருக்குரிய மதிப்போடு பைதன் ஒப்பிடாது; வந்த பொருளுக்கே அப்பெயரைச் சூட்டிவிடும். ஆகவே வெறும் பெயர் எதற்கும் பொருந்தும்.

மாணவனொருவன் பரீட்சைப் பெறுபேறுகளைத் தரம்பிரிக்கச் செய்நிரல் எழுதுகின்றான் எனக் கொள்வோம். விசேடம், திறமை, தவறு என்னும் பெயர்களுக்கு முன்னரே மதிப்பளித்து, அப்பெயர்களையே வாய்பாடுகளாக நிரைப்படுத்துகின்றான். முதல் வாய்பாடே அனைவரையும் ஏற்றுவிடுமாதலின், பின்னைய இரண்டும் வீணாம். பைதன் இதனை அனுமதியாது. ஒரு வரியையேனும் இயக்குமுன், பின்வருவன எட்டப்படா எனக் காரணங்கூறித் தொடரமைப்பு வழுவென நிறுத்திவிடும். ஒரே வாய்பாட்டில் ஒரு பெயரை இருமுறை சூட்டுதலும், ‘அல்லது’ என இணைத்த வாய்பாடுகள் வெவ்வேறு பெயர்களைச் சூட்டுதலும் அவ்வாறே மறுக்கப்படும்.

ஆயினும் இக்காவலுக்கும் எல்லையுண்டு. முன்னிரண்டையும் திருத்திய மாணவன், ‘தவறு’ என்பதை மட்டும் வெறும் பெயராக இறுதியில் விட்டுவிட்டான் எனின், பைதன் வாளாவிருக்கும். எதற்கும் பொருந்தும் வாய்பாடு இறுதியில் நிற்றல் விதிக்கு முரணன்று. விளைவு யாது? பெறுபேறு பதியப்படாத பிள்ளையும், எழுத்துப்பிழையுடன் பதியப்பட்ட பிள்ளையும் தவறியோராகவே அறிவிக்கப்படுவர். ‘தவறு’ என்பதை மேற்கோட்குறிக்குள் இட்டு, ஒப்பிடும் மதிப்பாக்கி, அதன்பின் அடிக்கோடொன்றை இறுதி வாய்பாடாக வைத்து, எஞ்சியோரை மீளாய்வுக்கு அனுப்புதலே தக்க முறை.

தொடர் வழுவின்றி அமைதல் வேறு. கருதிய பொருளைத் தருதல் வேறு. முன்னையதைப் பொறி ஆராயும். பின்னையதை எழுதுவோனே ஆராய்தல் வேண்டும். கட்டுரைப் பயிற்சியில் யாம் இடையறாது கூறிவரும் இவ்வுண்மையை, கணினி பயிலும் எம் மாணவரும் மறவாதிருப்பாராக.