தலைக்கவச இருவாச்சி

நுழையும்முன்
உயிர்களுக்கு வலிமை தரும் உறுப்பே சில நேரங்களில் அவற்றின் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது. அத்தகைய பறவையொன்றை அறிவோம்.

போர்னியோ, சுமத்ரா, மலாய்த் தீபகற்பம் ஆகியவற்றின் மழைக்காடுகளில் ஓங்கி உயர்ந்த மரங்களின் உச்சியில் வாழ்வது தலைக்கவச இருவாச்சி. அத்திப்பழமே இதன் முதன்மை உணவு. உண்ட பழங்களின் விதைகளைத் தொலைவில் பரப்பி, இப்பறவை காட்டை வளர்க்கிறது.

பிற இருவாச்சிகளின் அலகின்மேல் உள்ள புடைப்பு பெரிதும் உள்ளீடற்றது. இதன் புடைப்போ முன்புறம் திண்மையானது. ஆண்பறவைகள் பறந்தபடியே தலையோடு தலை மோதிப் பொருவதற்கு அது உதவுகிறது. தந்தம்போல் செதுக்கத்தக்கதாகையால், அதுவே வேட்டைக்கும் காரணமாயிற்று.

பெண்பறவை முதுமரப் பொந்தினுள் புகுந்து, சிறு துளை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஏறத்தாழ ஐந்து திங்கள் ஆண்பறவை உணவூட்டும். இறுதியில் வெளிவருவது ஒரே குஞ்சு. ஆண்பறவை வீழ்த்தப்பட்டால், அதன் வரவை நோக்கியிருக்கும் தாயும் சேயும் மடிய நேரிடும்.

2015ஆம் ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. ஓர் அணிகலனுக்காக வீழ்வது ஒரு பறவை மட்டுமன்று. அது விதைக்கவிருந்த காடுமாகும்.