சைபர் புரோக்கரேஜும் பதினைந்து ரூபாயும்

குறிஞ்சிப்பாடிக்குப் பங்குச்சந்தை புதிய சங்கதி இல்லை. பக்கத்திலேயே நெய்வேலி, அங்குள்ள என்.எல்.சி. சுரங்க நிறுவனத்தின் பங்கு வாங்கிப் போட்டிருக்கும் வீடுகள் இங்கே உண்டு. இப்போது லுங்கி நெய்யும் வீட்டுப் பிள்ளைகளும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களும் போனிலேயே டீமேட் கணக்கு திறக்கிறார்கள். எந்தத் திட்டம் எடுப்பது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு போடப் போற?"

2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரை சதவீத புரோக்கரேஜ் என்றால் பத்து ரூபாய்தானே என்று தோன்றும். கட்டணப் பட்டியலின் அடியில் 'ஒரு ஆர்டருக்குக் குறைந்தபட்சம் 25 ரூபாய்' என்றிருந்தால் கணக்கே மாறிவிடும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 29 ரூபாய் 50 காசு. பங்கு ஏறுவதற்கு முன்பே ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் போய்விட்டது. 50,000 ரூபாய்க்கு வாங்குகிறவரை அந்தக் குறைந்தபட்ச நிபந்தனை தொடவே தொடாது. சிறிய தொகை போடுகிறவர்கள் சதவீதத்தை விட்டுவிட்டு, ரூபாயில் என்ன பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முன்பணம் கட்டினால் புரோக்கரேஜைக் குறைக்கும் திட்டங்களும் அப்படித்தான். 999 ரூபாய் கட்டினால் அரை சதவீதம் கால் சதவீதமாகும் என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய்க்கு வாங்கி விற்றால்தான் கட்டிய பணமாவது திரும்பும். மாதம் 2,000 போடுகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

அவருக்கு டெலிவரிக்கு, அதாவது பங்கை வாங்கி டீமேட்டில் வைத்துக்கொள்வதற்கு, புரோக்கரேஜ் இல்லாத திட்டம்தான் சரி. ஆனால் அதிலும் பிடித்தம் உண்டு. உறவுக்காரத் தம்பி ஒருவன் போனை நீட்டினான்: "என்னண்ணே, சைபர்னு போட்டுட்டு எதுக்குப் பதினஞ்சு ரூபா புடிச்சிருக்கான்?" கான்ட்ராக்ட் நோட்டில் தேடியிருக்கிறான், இல்லை. லெட்ஜரைத் திறந்ததும் அகப்பட்டது. பங்கை விற்கும்போது டீமேட்டிலிருந்து வெளியே எடுப்பதற்கான டி.பி. கட்டணம் அது. ஒரு நாளில் ஒரு நிறுவனத்தின் பங்கு ஒன்றை விற்றாலும் நூறை விற்றாலும் அதே தொகைதான். அவன் ஒரே நிறுவனத்தின் பங்குகளை மூன்று நாளாகப் பிரித்து விற்றிருந்தான். மூன்று முறை பிடித்திருந்தார்கள். விற்பதாக இருந்தால் ஒரே நாளில் விற்றுவிடச் சொன்னேன். வாங்கினாலும் விற்றாலும் 0.1 சதவீத எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி), வாங்கும்போது 0.015 சதவீத முத்திரைக் கட்டணம் இரண்டும் எந்தத் திட்டத்திலும் உண்டு. அவற்றைக் குறைத்துத் தருகிறோம் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

டெலிவரியை இலவசமாகத் தரும் செயலி எதில் சம்பாதிக்கிறது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயும், ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் எஃப் அண்ட் ஓவும்தான். ஆர்டருக்கு 20 ரூபாய் என்பது சின்னத் தொகையாகத் தெரிவதால் கை பரபரக்கும். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். கணக்கு திறக்கும்போது அந்தப் பிரிவைச் சேர்க்காமலே விடலாம். நான் விடத்தான் சொல்கிறேன்.

கடைசியாக, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். பி.எஸ்.டி.ஏ. என்கிற அடிப்படை சேவைக் கணக்கில், 2024 செப்டம்பர் முதல் 4 லட்சம் ரூபாய் மதிப்பு வரை அது கிடையாது. ஆனால் முதல் பெயராக உங்களுக்கு ஒரே ஒரு டீமேட் கணக்குதான் இருக்க வேண்டும். எப்போதோ பேங்கில் திறந்து மறந்துபோன கணக்கு இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. அதிலுள்ள பங்குகளைப் புதிய கணக்குக்கு மாற்றிவிட்டு, பழையதை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.