இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் உட்கட்சிப் போட்டியும்

1957ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் 91 இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஓரிடம் பொது, மற்றது தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ உரியது. வாக்காளருக்கு இரு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே அளித்தல் கூடாது. ஆகவே கட்சிகள் இருவரை நிறுத்தின. ஒதுக்கப்பட்ட இடம் நிரம்பியபின், எஞ்சியோருள் மிகுதியான வாக்குப் பெற்றவர், பழங்குடியினராயினும், பொது இடத்தைப் பெறுவார். தோழராக நின்ற இருவர் உண்மையில் போட்டியாளரே!

ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் காங்கிரசின் பழங்குடி வேட்பாளர் வென்றார், அக்கட்சியின் வி. வி. கிரியோ பின்தங்கினார். பொது இடம் சூரி தோரா என்னும் மற்றொரு பழங்குடியினருக்குச் சென்றது. 1959இல் உச்ச நீதிமன்றமும் இதனை ஏற்றது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொகுதிகளை ஒழித்தது. அதன்பின் ஒரே கட்சியினரிடையே தெரிவு செய்யும் பொறுப்பு, வாக்காளரிடமிருந்து கட்சித் தலைமையிடம் சென்றது.