கியர்பாக்ஸ் இறங்கும் முன்

கண்ணு,

உன் கார் இரண்டாவது கியருக்குப் போக மறுக்கிறது என்றும், கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள் என்றும் உன் அம்மா சொன்னாள். அவர்கள் கேட்கும் தொகை உன் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறதாம். நீ சரியென்று தலையாட்டுவதற்குள் மாமன் சொல்வதைக் கொஞ்சம் கேள்.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-இல் சாண்ட்ரோ வெளிவரத் தொடங்கிய நாளிலிருந்து நான் இந்தப் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறேன். ஷிப்ட் ஆட்களை ஏற்றும் வேன் ஓட்டினேன்; பிறகு சொந்தமாக வேன்கள் வைத்தேன். இந்தச் சாலையில் நம் பென்னலூரைச் சுற்றிப் பார். இருங்காட்டுக்கோட்டையில் கார் கியர்பாக்ஸ் செய்கிறார்கள். ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலையில் செய்கிறார்கள். அலிசன் கம்பெனி லாரிக்கும் பஸ்ஸுக்குமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அதே ஒரகடத்தில் செய்கிறது. இந்த ஆலைகளில் பகலெல்லாம் நின்று வேலை பார்க்கும் பிள்ளைகள், தங்கள் சொந்த வண்டி கெட்டதும் கேட்ட தொகையை வாய் திறக்காமல் எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இது எனக்கு ஆறாத வருத்தம். உனக்கு அப்படி நேரக் கூடாது.

1. வண்டி நின்ற இடத்திலேயே பெரிய செலவுக்குச் சம்மதிக்காதே. ராத்திரி ஷிப்ட் ஆட்களோடு சுங்குவார்சத்திரம் தாண்டி நின்றுபோன ஒரு வேன் டிரைவரை எனக்குத் தெரியும். எந்த கியரும் விழவில்லை. பக்கத்தில் இருந்த பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கச் சம்மதித்துவிட்டார். கியர் லீவரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிளின் முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ் உடைந்திருந்தது. கெட்டது அது ஒன்றுதான். இறக்கி ஏற்றிய கூலியும் மூன்று நாள் வருமானமும் போயின. இழுத்துச் செல்லும் வண்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று நினைக்காதே. உன் இன்சூரன்ஸில் சாலை உதவி சேர்த்திருக்கிறதா என்று இன்றே பார்த்து வை. பதறாத காரியம் சிதறாது.

2. வண்டி என்ன செய்கிறது என்று சொல். எதை மாற்ற வேண்டும் என்று நீயே சொல்லிவிடாதே. “கிளட்ச் மாத்திடுங்க” என்று சொன்னால் அவர் கிளட்சை மாற்றுவார், கிளட்சுக்கு பில் போடுவார். பழுது வேறு இடத்தில் இருந்தால் அது உன்னோடு வீட்டுக்கு வரும். ஆகவே கவனித்துச் சொல்லப் பழகு. கிளட்சை மிதிக்கும்போது சத்தம் வருகிறதா? அது பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் சத்தம் இருந்து, மிதித்தால் அடங்குகிறதா? பெட்டிக்குள் இருக்கும் பேரிங் மேல் சந்தேகப்படலாம். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லையா? கிளட்ச் தேய்ந்து நழுவுகிறது. ஒரே ஒரு கியர் மட்டும் கரகரக்கிறதா? அந்த கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா என்பதையும் சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நீ வண்டியை எப்படி ஓட்டினாய் என்ற உண்மை. ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் பாதி கிளட்சிலேயே ஊர்ந்திருப்பாய், அதைச் சொல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டியபோது வெள்ளத்தில் ஓட்டிய வண்டிகள் பலவற்றில் கியர் ஆயிலுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அப்படிப் புகுந்தால் ஆயில் பால்போல் வெளுத்துவிடும். தண்ணீரில் ஓட்டியதை மறைத்தவர்களுக்கு ஆயிலை மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, துருப்பிடித்த பேரிங்கில் போய் நின்றது. மெக்கானிக்கிடம் மறைப்பவன் தன் பணத்தைத் தானே மறைவில் கொட்டுகிறான்.

3. பார்த்துச் சொல்வதற்கும் கூலி கொடு. எல்லாவற்றிலும் இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். நம் ஊரில் “சும்மா பார்த்துச் சொல்லுங்கண்ணே” என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது. பார்ப்பதற்குப் பணம் வாங்காத மனிதர் எதையாவது மாற்றினால்தான் அன்றைக்கு வீட்டுக்கு அரிசி வாங்க முடியும். அந்த நெருக்கடியை அவருக்கு உண்டாக்குவது நாம். வண்டியை விடும்போதே சொல்: “ஒரு மணி நேரம் நல்லாப் பாருங்க, அதுக்கான கூலியைத் தந்துடறேன், ஒண்ணும் மாத்தாட்டியும் பரவாயில்லை.” இதைக் கேட்டதும் நல்ல மெக்கானிக்கின் முகம் மாறுவதைப் பார்ப்பாய்.

பெட்டியை இறக்காமலே பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. கிளட்ச் பெடலின் ஆட்டம், கிளட்ச் கேபிள், ஹைட்ராலிக் வண்டியானால் மேலும் கீழும் உள்ள சிலிண்டர்களில் கசிவு, கியர் கேபிளும் அதன் புஷ்ஷும், கியர் ஆயிலின் அளவும் நிறமும், இன்ஜினையும் பெட்டியையும் தாங்கும் மவுண்டிங். ஏ.எம்.டி. வண்டியானால் பேட்டரியை முதலில் சோதிக்கச் சொல்; மின்சாரம் குறைந்தாலே அது கியர் போட மறுத்து முரண்டு பிடிக்கும். 2014-இல் செலெரியோ காரோடு நம் நாட்டுக்கு வந்த அந்த ஏ.எம்.டி., அடிப்படையில் சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கவும் கியரை நகர்த்தவும் உன் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் இருக்கிறது. ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் “மொத்தமும் போச்சு” என்று சொல்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்.

4. எஸ்டிமேட்டை எழுத்தில் கேள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். சாமான் தனியாக, கூலி தனியாக, லேத்தில் செய்யும் வெளிவேலை தனியாக இருக்கட்டும். பிரித்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும் என்பது உண்மை. அதற்காக அவரைச் சந்தேகப்படாதே. “கூடுதலா ஏதாவது இருந்தா போன் பண்ணிட்டுச் செய்யுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வா. முடிந்தால் பெட்டியைப் பிரிக்கும் நேரத்தில் போய் நில். வரி கணக்கையும் தெரிந்துகொள்: 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு முன் கியர்பாக்ஸ் சாமானுக்கு 28 இருந்தது. கூலிக்கும் 18 தான். ஜி.எஸ்.டி. எண் இல்லாத பட்டறை உன்னிடம் அந்த வரியை வாங்கக் கூடாது.

5. கூலியில் பேரம் பேசாதே. ஜாக்கி வைத்த வண்டிக்கு அடியில், சித்திரை வெயிலில், கனமான இரும்புப் பெட்டியை நெஞ்சுக்கு மேல் தாங்கி இறக்குகிற உழைப்பு அது. அதில் ஐந்நூறைக் குறைத்துவிட்டுப் பெருமைப்பட்ட என் கூட்டாளி ஒருவருக்கு மலிவு சாமான் போட்டு வண்டி திரும்பியது. ஆறு மாதத்தில் மறுபடியும் அதே பெட்டி இறங்கியது. கூலியில் பிடித்தது சாமானில் போகும். சாமானைப் பற்றித்தான் நீ கேட்க வேண்டும்: எந்தக் கம்பெனி, என்ன எண், பாக்கெட்டில் என்ன விலை.

கூலி பெரிதாக இருப்பதாலேயே இன்னொரு புத்தி வேண்டும். பெட்டி ஒருமுறை இறங்கினால் கிளட்ச் தட்டோடு பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்று. இன்ஜின் பக்கத்து ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்கச் சொல். ஃப்ளைவீலில் கோடு விழுந்திருந்தால் கடைசல் போடச் சொல். அந்தச் சின்ன பேரிங்கை மிச்சம் பிடித்தால், அதை மாற்றுவதற்காக முழுக் கூலியையும் இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

6. சாமான் எங்கிருந்து வருகிறது என்று கேள். கார் கம்பெனியின் அட்டைப் பெட்டியில் வரும் கிளட்சை வேலியோ, லுக் போன்ற கம்பெனிகள்தான் பெரும்பாலும் செய்கின்றன. அவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கிறார்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரித்தால் இரண்டின் விலையும் தெரிந்துவிடும். பாக்கெட்டில் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், செய்தவர் முகவரி இருக்க வேண்டும் என்பது சட்டம். இவை இல்லாத சாமானை வண்டியில் ஏற விடாதே.

பழைய வண்டிக்கு புதுப்பேட்டையில் கிடைக்கும் பிரித்த கியர்பாக்ஸும் கேவலமில்லை. ஃபோர்டு கம்பெனி 2022-இல் மறைமலை நகரில் கார் செய்வதை நிறுத்திய பிறகு, அந்த வண்டி வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்தக் கடைகளும் ஒரு வழி. வாங்கும் முன் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார், ஆயிலை வடித்து இரும்புத் துகள் இருக்கிறதா பார், பொருத்தி ஓட்டிப் பார்த்துச் சரியில்லையென்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதை பில்லில் எழுதி வாங்கு. எந்தச் சாமான் மாற்றினாலும் கழற்றிய பழையதை உன்னிடம் கொடுக்கச் சொல். முதலிலேயே கேட்டால் அது மரியாதை; பில் வந்த பிறகு கேட்டால் சந்தேகம்.

7. கம்பெனி சர்வீஸா, வெளிப் பட்டறையா என்பதில் பிடிவாதம் வேண்டாம். வாரண்டி இருக்கும் வரை கம்பெனிக்குப் போ. அதற்குப் பிறகு சாதாரண கியர்பாக்ஸுக்கு நல்ல வெளி மெக்கானிக் போதும். சி.வி.டி., இரட்டை கிளட்ச் வண்டியானால் அதற்கான ஸ்கேனரும் சரியான ஆயிலும் உள்ள இடம் வேண்டும். “எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தான்” என்பவரிடம் அதைத் திறக்க விடாதே. மொத்தப் பெட்டியையும் மாற்றச் சொன்னால், எந்தப் பகுதி போனது, அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று பொறுமையாகக் கேள்.

இந்தக் கேள்வியைக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்க விடவில்லை என்பதே காரணம். வெளியே பழுது பார்த்தாலே வாரண்டி மொத்தமும் ரத்து என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனாலும் நம்மைப் போன்றவர்களின் குரல் அந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது எனக்கு இன்றும் தெம்பு தரும் செய்தி. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளத்திலும் வாகனங்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

8. ஏமாந்தால் கத்தாதே, எழுது. பட்டறைப் பையன்கள் முன்னால் ஒருவரை அவமானப்படுத்தினால் அவர் தன் தவறைத் திருத்த மாட்டார், மறைப்பார். பில், பழைய சாமான், வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் பத்திரமாக வை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீ கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

9. நல்ல மெக்கானிக் கிடைத்தால் அவரைக் காப்பாற்று. வேலை முடிந்த அன்றே பணம் கொடு. ஆயில் மாற்றும் சின்ன வேலைக்கும் அவரிடமே போ. ஆலையில் உன் லைனில் இருக்கும் நண்பர்களிடம் அவர் பெயரைச் சொல். அவர் ஒருமுறை தவறு செய்தால், அதை அவரே ஒப்புக்கொண்டு சரி செய்தால், விட்டுப் போகாதே. எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். இறக்க வேண்டும் என்று நானே நினைத்துக் கொண்டுபோன பெட்டியை, கேபிளை முறுக்கிவிட்டு, “போய் ஓட்டுங்க அண்ணே” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் கேட்ட தொகையை நான் எப்போதும் கேள்வி கேட்காமல் கொடுத்தேன். அவரும் எப்போதும் கேட்க வேண்டியதை மட்டுமே கேட்டார்.

இப்போது நீ செய்ய வேண்டியது இது. அந்தப் பட்டறைக்குப் போன் போட்டு, பெட்டியை இறக்க வேண்டாம், முதலில் கேபிளையும் புஷ்ஷையும் ஆயிலையும் பார்க்கச் சொல்; பார்ப்பதற்கான கூலியைத் தருவதாகவும் சொல். என்ன சொன்னார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்.