பித்தப்பைக் கல்லும் கீழாநெல்லியும்

தம்பி,

கிரிவலப் பாதைப் பக்கம் வைத்தியசாலை திறந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். இனி பௌர்ணமிக்குப் பௌர்ணமி யாராவது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து, "பித்தப்பையில கல்லாம், ஆபரேஷன் வேணாம், கரைச்சுக் குடுங்க" என்பார்கள்.

சிறுபீளையையும் நெருஞ்சிலையும் நீட்டிவிடாதே. அவை நீர்ப்பாதைக்கு உரியவை. சிறுநீரகக் கல் நகர்ந்தால் பெரும்பாலும் வெளியே வரும். பித்தக் கல் நகர்ந்தால் நாளத்தில் போய் அடைக்கும், கணையத்தையும் வீங்க வைக்கும். மஞ்சளிலும் நிதானம் வேண்டும். வெறும் 20 மி.கி. குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைப்பதை 1999இல் இந்தோனேசியாவில் நோயற்றவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். கல் உள்ளவருக்கு அந்தச் சுருக்கமே வலியைக் கிளப்பலாம்.

"மருந்து சாப்பிட்டேன், வலியே இல்லை" என்பார்கள். பெரும்பாலான பித்தக் கற்கள் வாழ்நாள் முழுக்கச் சும்மா கிடப்பவைதான். மறு ஸ்கேன் பார்க்காமல் அதை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துப் பச்சை உருண்டைகள் விழுந்ததாகச் சிலர் கொண்டாடுவார்கள். அப்படி ஒரு பெண்ணுக்கு விழுந்தவற்றை நியூசிலாந்தில் சோதித்து 2005இல் லான்செட்டில் எழுதினார்கள்: கொலஸ்டிராலும் இல்லை, பிலிருபினும் இல்லை, குடித்த எண்ணெயே குடலில் சோப்பாகித் திரண்டிருந்தது. அந்தப் பெண்ணின் நிஜக் கற்களை அறுவை செய்துதான் எடுத்தார்கள். அலோபதியின் கரைப்பு மாத்திரையும் சிறிய கொலஸ்டிரால் கல்லோடு சரி. நம் பக்கம் அதிகம் காணும் நிறமிக் கல்லை அதுவும் தொடாது.

என் பயமெல்லாம் கீழாநெல்லியில். கண் மஞ்சளானால் நம் ஜனங்கள் முதலில் அரைப்பது அதைத்தான். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்குக் கீழாநெல்லித் தூள் கொடுத்ததில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் குளிகை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பிறகு வேறு நாடுகளில் செய்துபார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. முதல் பாதியை மட்டும் போர்டில் எழுதி மாட்டுகிறவர்கள் நம்மில் நிறைய. எப்படியானாலும் அது கிருமிக் காமாலையின் கதை, கல் அடைத்து வரும் காமாலையின் கதை அல்ல. மலம் வெளுத்து, உடம்பு அரித்து, வலது மேல்வயிற்று வலியோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் நாளத்தில் கல் இருக்கிறதென்றே வைத்துக்கொள். சூரணம் மடிக்காதே. அப்போதே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்து அனுப்பு. அடைப்பை எண்டாஸ்கோப்பியில் நீக்குவார்கள். பித்தப்பையைப் பிறகு எடுப்பார்கள்.

அறுவை முடிந்து, பசி மந்தம் என்று அவரே உன்னிடம் திரும்பி வருவார். பத்தியமும் சூரணமும் அப்போது சொல்.