தாராநாத் கதைகளை எந்த வரிசையில் படிப்பது?

1. வாங்கும்போதே அட்டையில் ஆசிரியர் பெயரைப் பாருங்கள். கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்டில் ‘தாராநாத் தாந்த்ரிக்’ என்று கேட்டால் மகன் தாராதாஸ் பந்தோபாத்யாய் எழுதிய புத்தகம் கைக்கு வரலாம். அந்த மாந்திரீகரைப் படைத்தவர் அப்பா, ‘பதேர் பாஞ்சாலி’ விபூதிபூஷண். அவர் எழுதியவை இரண்டே கதைகள்.

2. அந்த இரண்டையும் முதலில் முடித்துவிடுங்கள். மட் லேன் வீடு, ஜோசியம் பார்த்துக் காலம் தள்ளும் தாராநாத், கதை கேட்க வரும் நண்பர் கிஷோரி சென், பீர்பூம் சுடுகாட்டு மாது பாக்லி எல்லாம் முதல் கதையிலேயே வந்துவிடும். இரண்டாவது, மதுசுந்தரி தேவி தோன்றும் கதை. இதைத் தாண்டிப் போனால், மகனுடைய கதைகளில் தேவியின் பேச்சு வரும்போது முழிக்க வேண்டியிருக்கும்.

3. மகனுடைய சிறுகதைகளை எப்படி வேண்டுமானாலும் புரட்டலாம். ‘அலாத்சக்ரா’ நாவல், அதைக் கடைசிக்கு வையுங்கள்.

4. தாராநாத் நாடோடியாகத் திரிந்த வருஷங்களை வரிசைப்படுத்த முயல வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்த பெரியவர் போல நினைவுக்கு வந்ததை முதலில் சொல்கிறவர் அவர். ஊர், அங்கே சந்தித்த சாது என்று ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டால் போதும்.

5. அப்பா, மகன் இருவர் எழுத்தையும் ஒப்பிட்டுப் படியுங்கள், ருசியே அதில்தான். அப்பாவின் கதையில், கேட்பவருக்கே தாராநாத் சொல்வதை நம்பலாமா என்ற சந்தேகம் தீராது. மகன் அவரை நல்ல மனிதராக்கிவிட்டார். மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுகிறார், பாசிங் ஷோ சிகரெட்டுக்கு ஆசைப்படுகிறார். படிக்கச் சுகம்தான், ஆனால் பயம் என்னவோ அப்பாவிடம்தான். 1950இல் விபூதிபூஷண் இறந்தபோது தாராதாஸுக்கு மூன்று வயது. ‘பதேர் பாஞ்சாலி’ அப்புவின் கதையையும் ‘காஜல்’ நாவலில் தொடர்ந்தவர் இவரே.

6. வங்காளம் பேச வரும், படிக்க வராது என்பவர்கள் ‘சண்டே சஸ்பென்ஸ்’ வானொலி நிகழ்ச்சியில் ஒலிவடிவில் கேட்கலாம். அப்பாவின் கதைகள் ஆங்கிலத்திலும் உண்டு. 2019இல் ஹோய்சோய் இணையத் தளத்தில் வந்த தாராநாத் தொடரைப் புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள்.

7. சத்யஜித் ராயின் தாரிணி குரோவோடு தாராநாத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவரும் கதை சொல்கிறவர்தான், ஆனால் வீடு தேடி வந்து சொல்கிறவர், கேட்பவர்கள் பையன்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவரிடமிருந்தே தொடங்குங்கள். சுடுகாட்டுச் சமாசாரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.