முதல் கிளை வரை ஏறி இறங்கு



இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது கான்கிரீட் பற்றி எழுதலாமா, மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுபவர்கள் நம் பிரிவிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஒரு பாடத்தில் மட்டும் எனக்கு மூன்று வருட அனுபவம் உண்டு. அந்தப் பாடத்துக்குப் பெயர் ‘முதல் தடவை’.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் இந்தக் கல்லூரியில் நான் செய்தது எல்லாமே எங்கள் வீட்டுக்கே முதல் தடவை. விண்ணப்பப் படிவம் நிரப்பியது, ஹாஸ்டலில் படுத்தது, செமினார் கொடுத்தது, அரியர் வைத்தது உட்பட!

ஏறுவது உங்களுக்குப் புதுசு, இறங்குவது எனக்குப் புதுசு

என் வீடு ஏற்காட்டில், சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட் லைன் வீடு. அப்பா மிளகு பறிப்பவர். அம்மா காபிப் பழம் பறிப்பவர். சேலத்திலிருந்து ஏற்காடு வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். உங்களுக்கெல்லாம் அந்த வளைவுகளில் ஏறுவது டூர். நான் பெட்டியோடு அதில் இறங்கிய அன்று வயிற்றைக் கலக்கியது.

நாம் சிவில் மாணவர்கள். எனவே லெவல் கணக்கிலேயே சொல்கிறேன். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு சுமார் 1,620 மீட்டர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கணக்குப் போட்டால் கோயில் மேட்டுக்கும் சேலத்துக்கும் 8 அல்லது 9 டிகிரி வித்தியாசம். ஹாஸ்டலில் முதல் வாரம் நான் தூங்காததற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான். மீதிப் பாதி பயம்.

முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் ஒரு நிமிஷம் தன்னைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். பேர் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வாய் காய்ந்துவிட்டது, உள்ளங்கை வேர்த்துவிட்டது, காதுக்குள் நெஞ்சு அடிக்கிற சத்தம். உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

பயத்தின் இயந்திரம்

அன்று எனக்கு நடந்தது என்ன என்று பின்னால் நூலகத்தில் தேடிப் படித்தேன். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915ல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தம் வயிற்றிலிருந்து கை கால் தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. எச்சில் குறைகிறது. ஒன்று சண்டை போடு, இல்லை ஓடு! இரண்டுக்கும் உடம்பு தயாராகிறது.

காட்டில் கரடியைப் பார்த்தால் இந்த ஏற்பாடு உயிரைக் காப்பாற்றும். ஆனால் நம் உடம்புக்குக் கரடிக்கும் கரும்பலகைக்கும் வித்தியாசம் தெரியவில்லை! புதிது எதுவாக இருந்தாலும் அதே மணியைத்தான் அடிக்கிறது. எனவே நண்பர்களே, முதல் தடவை வாய் காய்வது கோழைத்தனமும் இல்லை, மூளை இல்லாததும் இல்லை. இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

இதை யாராவது எனக்கு முதல் மாதமே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஒருவனுக்குச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவனும் அவன் வீட்டில் முதல் ஆள்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். ஒரு நாள் காலையில் அவன் பெட்டியைக் காணோம். யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான். இன்றுவரை திரும்பவில்லை. அவன் எதற்குப் பயந்தான் என்று நான் கேட்டதே இல்லை. எனக்கும் அதே பயம் இருந்ததை நானும் அவனிடம் சொன்னதில்லை.

அப்பா சொன்ன கணக்கு

பொங்கல் விடுமுறைக்கு நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டேன், திரும்பி வருவதில்லை என்ற முடிவோடு. முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போயிருந்தது. மலையில் காபிப் பழம் பறிக்கிற காலம். கூலி கிடைக்கும். அம்மாவுக்கும் உதவியாக இருக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அப்பா திட்டவில்லை. அவர் முதன்முதலில் மிளகுக்காக சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கதையைச் சொன்னார். நேராக வளர்கிற மரம் அது. ஏணியைச் சாத்தி ஏற வேண்டும். பாதி ஏணியில் அவருக்குக் கால் நடுங்கிவிட்டதாம். அப்போது இருந்த வயதான மேஸ்திரி, “நீ இன்னைக்கு மிளகே பறிக்க வேண்டாம். முதல் கிளை வரை ஏறு, இறங்கு. சாயங்காலம் வரைக்கும் அதையே செய்” என்றாராம். மறுநாள் இரண்டாவது கிளை. நாலாம் நாள் கூடையோடு ஏறினாராம்.

“நீயும் ஒரு வாரம் மட்டும் போயிட்டு வா சாமி. அடுத்த வாரம் போறதா வேண்டாமான்னு அப்பப் பாத்துக்கலாம்” என்றார். மூன்று வருஷம் என்றால் எனக்கு மலைப்பாக இருந்தது. ஒரு வாரம் என்றால் முடியும் போலிருந்தது. போனேன். அப்படி ஒவ்வொரு வாரமாகத்தான் இந்த மூன்றாம் வருஷம் வரை வந்திருக்கிறேன்.

அந்த மேஸ்திரி சொன்னதை மனநூல் அறிஞர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையிடம் சோதனை செய்து 1924ல் வெளியிட்டார். குழந்தை பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிடும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார். பிறகு கொஞ்சம் கிட்டே. பிறகு இன்னும் கிட்டே. கடைசியில் அந்தக் குழந்தை முயலைத் தடவிக் கொடுத்தது. 1968ல் ராபர்ட் சயான்ஸ் என்பவர் வேறொன்றைக் காட்டினார். அர்த்தமே இல்லாத சொற்களைக்கூடத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு அவற்றின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது. பழகப் பழகப் புதுசு நம்முடையதாகிறது.

தலைகீழாகத் தெரிந்த ஸ்டாஃப்

இரண்டாம் ஆண்டு சர்வே பிராக்டிகல். நம் லேபில் இருக்கும் பழைய டம்பி லெவலில் முதல் தடவை கண்ணை வைத்தேன். எதிரே நண்பன் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக நிற்கிறான்! கருவியைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துப் பயந்துட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ரீடிங் காலத்தில் குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதினேன். அடுத்து வந்தவனும் பார்த்தான், பேசாமல் எழுதினான். அதற்கடுத்தவனும் அப்படியே. எங்கள் பேட்ச் மொத்தமும் தப்பு!

சார் சிரித்துவிட்டு விளக்கினார். பழைய லெவலின் தொலைநோக்கியில் உள்ள லென்ஸ்கள் பிம்பத்தைக் கவிழ்த்துத்தான் காட்டும். அதை நிமிர்த்த இன்னும் லென்ஸ் சேர்த்தால் வெளிச்சம் குறையும் என்று அப்படியே விட்டார்கள். நாம்தான் ரீடிங்கை மேலிருந்து கீழாகப் படிக்கப் பழக வேண்டும். அது பழுது இல்லை, கருவியின் இயல்பு. ஆறு பேரும் ஆளுக்கொரு பயத்தை மறைத்துக்கொண்டு நின்றோமே, அதுதான் பழுது.

சர்வே என்றதும் வில்லியம் லாம்ப்டனைச் சொல்லாமல் விடக்கூடாது. 1802ல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கியவர் அவர். 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. அவர் வேலையை விட்டுவிடவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து சில வாரங்கள் பாடுபட்டு, நெளிந்த வட்டத்தைத் தாமே நிமிர்த்தி மறுபடி அளக்கப் புறப்பட்டார். அந்த அளவைதான் பிற்காலத்தில் இமயமலை வரை போனது.

குகைக்குள் ஐந்து நிமிஷம்

இந்த வருஷம் நம் வகுப்பு ஏற்காடு டூர் போனபோது வழிகாட்டி நான்தான். பஸ் ஏறும்போதே பாதிப் பேருக்குக் காது அடைத்தது. எச்சிலை விழுங்குங்கடா என்றேன். விழுங்கும்போது தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையே உள்ள குழாய் திறந்து இரண்டு பக்கக் காற்றழுத்தமும் சமமாகிவிடும்.

சேர்வராயன் கோயில் கோபுரம் வைத்த கோயில் இல்லை, குகை. மேலே பரந்த புல்வெளி, செம்மண், ஆளைத் தள்ளுகிற காற்று. அந்தச் செம்மண்ணில் பாக்சைட் உண்டு. ஒரு காலத்தில் இந்த மலையில் வெட்டி மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்குக் கொண்டு போனார்கள். குகைக்குள் குனிந்து போனால் சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் திரண்டு வருவார்கள். அந்தக் குகை காவிரி ஆறு வரை போகிறது என்பது நம்பிக்கை. நான் அம்மா இடுப்பில் இருந்த காலத்திலிருந்தே போகும் இடம் அது.

வகுப்பில் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கும் நண்பன் ஒருவன் குகை வாசலில் நின்றுவிட்டான். முகம் வெளிறி, உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். “என்னடா மாப்ளே, குகைக்கே பயமா?” என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் உறைத்தது. ஏ.டி.எம். கார்டைப் பிடிக்கத் தெரியாமல் நான் வரிசையில் நின்றபோது, சிரிக்காமல் கற்றுக் கொடுத்தவன் இவன்தான். அந்த வெளிறிய முகம், முதல் செமஸ்டரில் எழுந்து நின்ற என் முகம்.

மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு அவனோடு வாசலிலேயே உட்கார்ந்தேன். வெயிலிலிருந்து திடீரென்று நுழைந்தால் யாருக்கும் கண் தெரியாது. விழித்திரையில் குறைந்த வெளிச்சத்துக்கு என்று இருக்கும் செல்களில் ரோடாப்சின் என்ற பொருள் மறுபடி சேர வேண்டும். முதல் சில நிமிஷத்திலேயே கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கும். முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். இடையில் கைபேசி விளக்கைக் கண்ணில் அடித்தால் மறுபடி முதலிலிருந்துதான். இதை அவனிடம் சொன்னேன். இரண்டு அடி உள்ளே போய் நின்றோம். வெளியே வந்தோம். மறுபடி நாலு அடி. ஐந்து நிமிஷம் கழித்து, “டேய், சுவர் தெரியுதுடா!” என்றான். பாதி தூரம் வந்து, போதும் என்றான். நானும் திரும்பிவிட்டேன். அவனுடைய முதல் கிளை அன்று அதுதான்.

எல்லாப் புதுசும் நல்லதா?

இல்லை. முதல் பீடி, முதல் மது, ஹெல்மெட் இல்லாமல் வளைவில் முதல் வேகம், பாறை விளிம்பில் நின்று போட்டோ! இவையும் முதல் அனுபவம்தான். எதை முயற்சி செய்யலாம், எதைத் தொடக்கூடாது? அந்த ஏணியிலிருந்து நான் எடுத்த விதி இது: இறங்கி வர முடிகிற கிளையில்தான் ஏற வேண்டும். ஆங்கிலத்தில் தப்பாகப் பேசினால் நாளை திருத்திக்கொள்ளலாம். வழுக்குப் பாறையில் தப்பாகக் கால் வைத்தால் நாளை என்பதே இல்லை.

முடிவுரை

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காட்டில் காபியை அறிமுகப்படுத்தியவர். எத்தியோப்பியாவில் பிறந்த செடி, இந்த மலைக்குப் புதுசு. நட்ட காபிச் செடி முதல் காய்ப்புக்கு மூன்று நான்கு வருஷம் எடுத்துக்கொள்ளும். முதல் வருஷம் காய்க்கவில்லை என்று எங்கள் மலையில் யாரும் செடியைப் பிடுங்கியதில்லை.

எனக்குக் கணக்கு அரியர் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த தேர்வில் முடித்துவிடுவேன். ஆனால் இந்த மலரைப் படிக்கும் மூத்த மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்த தம்பி தங்கைகள் மெஸ்ஸிலோ, லேபிலோ, மேடையிலோ முழித்துக்கொண்டு நின்றால் சிரிக்காதீர்கள். “எனக்கும் முதல் நாள் ஸ்டாஃப் தலைகீழாகத்தான் தெரிந்தது” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் ஒரு பெட்டி கட்டப்படாமல் அறையிலேயே இருக்கலாம்.

– மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு